பரம்பிக்குளத்தில் ரயில் ஓடிய காலம்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை வரை சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புதான். சேத்துமடை வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தோப்பு நின்றுபோய், மலை எழும்புகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறும் பேருந்து டாப்சிலிப்பில் இறக்கிவிடும். புல்வெளியில் மான்கள் மேயும். தேக்குக் கிளைகளில் கருமந்திகள் தாவும். யானை பார்க்க வருகிறவர்கள் கோழிக்கமுத்தி முகாமுக்கான வண்டி எப்போது கிளம்பும் என்று விசாரிப்பார்கள்.

வருகிற எல்லோருக்கும் இது ஆதிகாலம் முதல் மனிதர் கைபடாமல் கிடக்கும் காடு என்றே தோன்றும். உண்மை அப்படி இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மலை ஒரு தொழிற்கூடமாக இருந்தது. கோடரியும் ரம்பமும் யானைச் சங்கிலியும், இங்கிருந்து சற்றுத் தள்ளிப் பரம்பிக்குளத்தில் நீராவி எஞ்சினும்கூட, பல தலைமுறைகள் ஓயாமல் வேலை செய்த இடம் இது. அந்தத் தொழிலின் தடயங்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் போவது யானை சவாரியைவிடச் சுவையான பயணம்.

டாப்சிலிப் என்ற பெயரே அந்தத் தொழில் விட்டுச் சென்றதுதான். வெட்டிய தேக்குத் தடிகளை யானைகள் மலையின் விளிம்புக்கு இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். அடிவாரத்தில் சேரும் மரம் மாட்டுவண்டியேறிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போகும். பொன்னானிக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் பம்பாய்க்குப் போகும். இத்தனை தொலைவு கடந்து ஆனைமலைத் தேக்கைப் பம்பாய் கேட்டதற்கு வலுவான காரணம் இருந்தது. இங்கிலாந்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட ஓக் மரத்தில் இருக்கும் அமிலம், அதில் அடித்த இரும்பு ஆணியைத் தின்றுவிடும். தேக்கில் இருக்கும் எண்ணெய் ஆணியைக் காக்கும், கரையானையும் அண்டவிடாது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய போர்க்கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையின் பெருமையாக இருந்தன. அவற்றில் ஒன்று 1817இல் கடலில் இறங்கியது. திருகோணமலையின் பெயர் சூட்டப்பட்ட அந்த 'டிரிங்கோமலி' கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தண்ணீரில் நிற்கிறது என்றால், அதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினி ஏன் மலை மலையாக அலைந்தது என்பது விளங்கும்.

மலபாரின் எளிதில் எட்டும் காடுகள் முதலில் தீர்ந்தன. 1806இல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளின் பாதுகாவலராகக் கும்பினி நியமித்தது. பதவியின் பெயர் பாதுகாவலர் என்றாலும் தேக்கு முழுவதையும் கும்பினிக்கே உரியதாக்குவதுதான் வேலை. மக்களின் எதிர்ப்பு வலுத்ததால் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியை ஒழித்தார். அடுத்த கால் நூற்றாண்டில் மரப்பசி இன்னும் கூடியது. 1848இல் ஆனைமலைக்கு வந்தார் லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல். கொல்லங்கோட்டுச் சிற்றரசரான நம்பிடியின் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, பம்பாய்க் கப்பல் துறைக்கு மரம் அனுப்புவது அவருக்கு இட்ட வேலை. பாதை வெட்டினார், மரம் உருட்டும் சரிவை அமைத்தார், காட்டுத்தீயைத் தடுக்க மலைவாசிகளைப் பழக்கினார். ஆனைமலைக் காய்ச்சல் அவரையும் விடவில்லை. சில ஆண்டுகளில் உடல் நலிந்து மலையிறங்கினார். அந்தக் காலத்தில் மலேரியாவுக்குப் பயந்தே வெள்ளைக்காரர்கள் இங்கே நீண்டநாள் தங்கியதில்லை.

இதற்குள் ரயில் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. பாதை மேற்கே நீள நீள, தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைக்காகவும் எஞ்சினில் எரிக்கும் விறகுக்காகவும் காடுகள் சரிந்தன. அதே 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன், அடிப்படையில் ஒரு மருத்துவர். ஆனைமலையின் உயரமான பகுதிகளுக்கு 1858இல் நேரில் போய்வந்த அவர், காடு இந்த வேகத்தில் தாங்காது என்று எழுதினார். கப்பல் கட்டவும் ரயில் விடவும் மரம் வேண்டும் என்ற அரசுக்குத்தான் அவர் வேலை பார்த்தார். ஆனாலும் காடு அழிந்தால் ஓடைகள் வற்றும் என்று அப்போதே எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர்.

டாப்சிலிப்பின் பழைய பெயர் மவுண்ட் ஸ்டூவர்ட். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிரான்ட் டஃப் நினைவாக வைத்த பெயர். இங்கேதான் ஹூகோ வுட் கல்லறை இருக்கிறது. 1870இல் பிறந்த இந்த வன அதிகாரி, 1915 வாக்கில் ஆனைமலைக்கு வந்தபோது கண்டது வெட்டிச் சலித்த மலைச்சரிவுகளை. மரத்தை வேரோடு பிடுங்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால், அதிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். அந்த முறையில், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் வெட்டி மற்றவற்றை வளரவிடும் திட்டத்தை அவர் நடைமுறைப்படுத்தினார். காலையில் நடக்கும்போது கோட்டுப் பையில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொள்வார், கைத்தடியால் மண்ணில் குழி போட்டு விதையை இட்டு மூடிக்கொண்டே போவார் என்ற கதையை டாப்சிலிப்பில் வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். 1933இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் வாசகம் கல்லில் பொறித்திருக்கிறது.

வுட்டின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதே சமயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் விட்டுப்போனது தேக்கு வளரும் காடு. அருகிலேயே கரியன் சோலை இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் நண்பகலிலும் வெளிச்சம் மங்கும். பல அடுக்கு மரங்கள், கொடிகள், பாசி, தலைக்கு மேல் இருவாச்சியின் சிறகோசை. கோடையில் தேக்குக் காடோ இலையுதிர்த்து மொட்டையாக நிற்கிறது, தரையில் சருகு மொறமொறக்கிறது, ஒரு பொறி பட்டால் போதும். இந்த இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்கிறவருக்கு, மரம் வளர்ப்பதும் காடு வளர்வதும் வேறு வேறு என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

டாப்சிலிப்பைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் மாநில எல்லை வருகிறது. அதற்கப்பால் கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். கேரளத்துக்காரரும் தமிழ்நாட்டுச் சாலை வழியாகத்தான் இங்கே வர முடியும். வண்டி போகிற பாதை வேறில்லை. வருகிறவர்களை முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது கன்னிமாரா தேக்கு. அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர், வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். 1994-95க்கான மகாவிருட்ச விருதை இந்திய அரசு இதற்கு அளித்தது. வெட்ட வந்தவன் கோடரியை ஓங்கியதும் மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டது, அன்று முதல் யாரும் தொடவில்லை, மலைவாசிகள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள் என்பது உள்ளூர்க் கதை. சுற்றி நின்ற பெருமரங்கள் எல்லாம் போய், இது ஒன்று தப்பியது. போனவை எந்த வழியாகப் போயின என்ற கேள்வியை மரத்தடியில் யாரும் கேட்பதில்லை.

அவை ரயிலில் போயின.

பரம்பிக்குளம் அன்று கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். தேக்கும் ஈட்டியும் கொட்டிக்கிடந்த காடு, ஆனால் இறக்கிக் கொண்டுபோக வழியில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காயவைத்து ஆற்றில் விட்டாலும் சாலக்குடி ஆறு வாழச்சாலிலும் அதிரப்பள்ளியிலும் பாறையில் மோதி விழுகிற ஆறு. கிழக்கே இறக்கினால் பிரிட்டிஷ் கோயம்புத்தூர். 1895இல் பட்டமேறிய மகாராஜா ராமவர்மா இரும்புப் பாதைகளில் நம்பிக்கை கொண்டவர். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் கொண்டுவர, திருப்பூணித்துறைப் பூர்ணத்திரயீசர் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பது கொச்சியில் இன்றும் பேசப்படும் செய்தி. 1902இல் அந்த ரயில் ஓடியது. சாலக்குடி அந்தப் பாதையில் ஒரு நிலையம். சாலக்குடியிலிருந்து காட்டுக்கு ஒரு கிளை விட்டுவிட்டால் தேக்கு நேரே கொச்சித் துறைமுகத்துக்கு வந்துவிடும்.

1907இல் வேலைக்கு வந்த கொச்சி வன டிராம்வே, சாலக்குடியில் தொடங்கிப் பரம்பிக்குளம் தாண்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டது. மீட்டர் கேஜ் பாதை. எஞ்சின்கள் பெர்லினின் ஓரன்ஸ்டைன் கோப்பல் நிறுவனத்தில் செய்தவை. சாலக்குடியில் பெரிய பணிமனை, வழிநெடுக நிலையங்கள், காட்டாறுகளின் மேல் பாலங்கள். முதலாம் உலகப் போருக்கு முன்பே, புலியும் காட்டெருமையும் உலவும் காட்டில் அட்டவணைப்படி ரயில் ஓடியது என்பதை இன்று அந்த இடத்தில் நின்றுகொண்டு நம்புவதே கடினம்.

இந்தப் பாதையின் புத்திசாலித்தனம் அதன் சரிவுகளில் இருந்தது. மலை செங்குத்தாக இறங்கும் இடங்களில் எஞ்சின் பயன்படாது. அங்கே உச்சியில் பெரிய உருளை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் இரும்பு வடத்தைச் சுற்றியிருந்தார்கள். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய பெட்டிகள், மறுமுனையில் அடிவாரத்தில் நிற்கும் வெற்றுப் பெட்டிகள். பாரம் ஏறியவை தம் எடையால் கீழே இறங்கும்போது வெற்றுப் பெட்டிகளை மேலே இழுத்துவிடும். உச்சியில் நிற்பவர் தடையை இறுக்கியும் தளர்த்தியும் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். நிலக்கரி இல்லை, நீராவி இல்லை. கிணற்றில் ஒரு வாளி இறங்க மறுவாளி ஏறுகிற கணக்குத்தான். ஆனால் இங்கே வாளிக்குப் பதில் பல டன் தேக்கு. தடை பிசகினாலும் வடம் அறுந்தாலும் கீழே நிற்பவர் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சரிவின் தலையிலும் அடியிலும் எஞ்சினை மாற்றி, பெட்டியைக் கழற்றி, மறுபடி கோத்து, மெதுவாகத்தான் மரம் சமவெளியை எட்டும்.

இந்த ரயிலில் பயணம் செய்தவர்களில் ஒருவர் பறவையியலாளர் சாலிம் அலி. திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1933இல் அவர் அந்தச் சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். மனைவி தெஹ்மினாவும் உடன் வந்தார். பரம்பிக்குளத்தில் குரியார்குட்டி என்ற இடத்தில் ஆற்றோரம் தங்கினார்கள். அந்தக் கணக்கெடுப்புதான் பின்னால் அவர் எழுதிய கேரளப் பறவைகள் நூலுக்கு அடித்தளம். காட்டை வெட்டி எடுத்துப்போக வந்த ரயில்தான், அந்தக் காட்டில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று எழுதிவைக்க வந்தவரையும் ஏற்றிக்கொண்டு போனது. குரியார்குட்டியில் இப்போது சாலிம் அலி பெயரில் ஒரு விளக்க மையம் இருக்கிறது. பக்கத்திலேயே டிராம்வே பாலம்.

எந்தச் சுரங்கத்துக்கும் ஓர் அடி உண்டு. எளிதில் எட்டிய மரம் தீர்ந்தபின் இன்னும் உள்ளே போக வேண்டியிருந்தது. மழைக்காலந்தோறும் பாதை சரிந்தது, பழுது பார்க்கும் செலவு ஏறியது. லாரி வந்தபின் டிராம்வேயின் கணக்கு உதைத்தது. 1963இல் அதை மூடினார்கள். எஞ்சின்களும் தண்டவாளங்களும் பழைய இரும்பாக விலைபோயின. சாலக்குடியில் டிராம்வே பெயரைச் சொல்லும் சாலை இருக்கிறது, பழைய பணிமனை வளாகம் இருக்கிறது. காட்டுக்குள் பாலத்தின் தூண்களும், மண்ணில் புதைந்த இரும்பும், மரம் முளைத்த மேடுகளும் மிச்சம்.

ரயில் நிற்கும் முன்பே வேறொரு தொழில் காட்டுக்குள் வந்துவிட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆறுகளைக் கிழக்கே திருப்பிக் கொங்குநாட்டு வயல்களுக்குப் பாய்ச்சும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். காமராசர் காலத்தில் வேலை தொடங்கியது. தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1958 முதல் செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன, பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம் அணையின் கொள்ளளவு மட்டும் 17.82 டிஎம்சி. தூணக்கடவிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் சேத்துமடை அருகே சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துவிட்டுச் சமவெளிக்குப் போகிறது. வழியில் பார்த்த தென்னந்தோப்புகளின் வேரில் ஓடுவது இந்தத் தண்ணீர். பொள்ளாச்சி இளநீர் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் காட்டோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

இந்தக் கதையில் இதுவரை வந்த பெயர்கள் எல்லாம் அதிகாரிகளும் அரசர்களும் அறிஞர்களும். மரத்தைத் தேடிக் கண்டவர், பாதை காட்டியவர், யானையை நடத்தியவர் பெயர் எதுவும் கல்லில் இல்லை. ஆனைமலையின் மேட்டுக்காட்டில் காடர்களும், அடிவாரத்தையொட்டி மலசர்களும் எத்தனையோ தலைமுறைகளாக வாழ்கிறவர்கள். தேன், மெழுகு, கருங்குங்கிலியம், ஏலம் என்று காட்டுப் பொருளைச் சேகரித்துச் சமவெளிக்குக் கொடுத்துவந்த காடர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் எந்த வெள்ளைக்கார அதிகாரியும் இந்த மலையில் ஒரு காதம் நடந்திருக்க முடியாது. 1909இல் வெளிவரத் தொடங்கிய அனந்தகிருஷ்ண அய்யரின் கொச்சிப் பழங்குடிகள் பற்றிய நூலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆஸ்திரியர் எரன்ஃபெல்ஸ் 1952இல் வெளியிட்ட நூலும் காடர் வாழ்க்கையைப் பதிவு செய்தன. பெண்ணுக்குக் கொடுக்க மாப்பிள்ளை தன் கையாலேயே மூங்கிலில் செதுக்கும் சீப்பு வரை அந்தக் காலத்து எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது. மரம் இழுத்த கூலி எவ்வளவு, சரிவில் அடிபட்டவர் எத்தனை பேர் என்பதெல்லாம் ஏட்டில் ஏறவே இல்லை.

கோழிக்கமுத்தியில் யானைகளை வளர்க்கும் பாகன்களும் அவர்களுக்கு உதவும் காவடிகளும் பெரும்பாலும் மலசர்கள். அவர்களின் பாட்டன்மார் யானை வைத்து மரம் இழுத்தார்கள். இப்போது அந்த யானைகள் கும்கிகள். ஊருக்குள் இறங்கும் காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் போகின்றன. தொண்ணூறுக்கும் மேற்பட்ட முறை அப்படிக் களமிறங்கிய கலீம் என்ற கும்கி, 2023இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் மரியாதை அணிவகுப்பு நடத்தினார்கள். அந்த மரியாதையில் பாதி பாகனுக்கும் உரியது.

டிராம்வே இறங்கிச்சென்ற சாலக்குடி ஆற்றுப் பக்கம் வேறொரு மாற்றம் நடந்திருக்கிறது. வாழச்சால் பகுதியில் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு, ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக வன உரிமையை 2014இல் கேரள அரசு வழங்கியது. கேரளத்தில் இந்த உரிமையை முதலில் பெற்றவர்கள் இவர்களே. ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து உண்டவர்களே இப்போது கூடு இருக்கும் மரங்களைக் கணக்கெடுத்துக் காவல் காக்கிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்கு மனப்பாடம். வன அதிகாரிகளின் பழைய வேலைத்திட்டங்கள் தேக்கைத்தான் எண்ணின. இவர்கள் பறவை குடியிருக்கும் பெருமரங்களை எண்ணுகிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. டிராம்வேயின் எஞ்சிய பாலங்களையும் சரிவுகளையும் இரண்டு மாநில வனத்துறைகளும் அளந்து வரைபடம் போட வேண்டும். சாலக்குடிப் பணிமனையில் மிஞ்சிய பொருள்களை மழையில் துருப்பிடிக்க விடாமல் ஒரு கூரைக்கடியில் வைக்க வேண்டும். எருமைப்பாறை, கோழிக்கமுத்தி, பரம்பிக்குளம் குடியிருப்புகளில், தம் தகப்பனும் பாட்டனும் ரயில் பாதையிலும் மரம் வெட்டும் கூப்பிலும் உழைத்ததைச் சொல்லக்கூடிய முதியவர்களின் குரலை இப்போதே பதிவு செய்ய வேண்டும். பாதை மூடி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நேரில் கண்டவர்கள் இனி அதிக காலம் இருக்கமாட்டார்கள்.

பரம்பிக்குளம் போகிறவர்கள் கன்னிமாரா தேக்கின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். உடன் வரும் வழிகாட்டி பெரும்பாலும் காடரோ மலசரோ ஆக இருப்பார். வண்டி எங்கே ஓடியது, பாலம் எங்கே இருக்கிறது, அவர் வீட்டுப் பெரியவர்கள் அங்கே என்ன வேலை செய்தார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.